பொயிலரில் பிழையில்லை

திருத்த மூன்றாவது முறையாக வந்தும் ரஜீபன் வீட்டைச் சூடாக்கும் பொயிலரில் ஒரு பிழையும் காணவில்லை. வீடோ குளிர்ந்து கிடந்தது. ஹோலுக்கு வந்தபோதுதான் சுவரில் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே எண்ணெய் விளக்கு எரிவதைக் கவனித்தான். விளக்கின் சூட்டை வீட்டின் சூடென்று நம்பி அது ஹீட்டிங்கை நிறுத்திக்கொண்டிருந்தது. விளக்குக்குப் பின்னால் மாலை போடாத ஓர் இளைஞனின் படம்.

"விளக்கை அங்கால வைச்சாச் சரி ஐயா."

போர்வைக்குள் இருமிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் செல்வநாயகம் அவன் கையைப் பிடித்தார். "எனக்குத் தெரியும் தம்பி. ஊரில ஆமி பிடிச்சுக்கொண்டு போன மகன் வருமட்டும் விளக்கை அசைக்கமாட்டன் எண்டு மனிசி வைச்ச நேத்திக்கடன். விளக்காலதான் குளிர் எண்டு சொன்னா, என்ர இருமலுக்காக எடுத்திடுவா. சொல்லிப்போடாதையும்."

குசினியிலிருந்து எண்ணெய்ப் போத்தலோடு அவர் மனைவி வந்தாள். விளக்குக்கு எண்ணெய் விட்டபடி கேட்டாள்.

"பிழை பிடிபட்டுதே தம்பி? இந்த மனிசன் இருமி இருமியே போயிடும்."