தொண்ணூற்றிரண்டு கிலோ நாயகி

"தொண்ணூத்திரண்டு கிலோவாம்! இந்தக் கதாநாயகியை எவன் காதலிப்பான்?" பதிப்பக முதலாளி நாவலின் கையெழுத்துப் பிரதியை மேசையில் போட்டுச் சிரித்தார். அட்டைப்படம் வரைபவரும் சேர்ந்துகொண்டார்.

பிழைதிருத்துபவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அந்த அறையில் மேசைகளுக்கு நடுவே பக்கவாட்டாக நுழைந்துதான் தன் இடத்துக்குப் போவாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அவளை அம்பது கிலோவாக்கிடும்மா. மாடிப்படியில மூச்சு வாங்குறது, நாற்காலி முனகுறது, எல்லாத்தையும் அடிச்சிடு."

"எழுதினவங்க ஏதாவது சொல்வாங்களே, சார்..."

"புனைபெயர்ல தபால்ல அனுப்பின ஆளு. அச்சுல வந்தாப் போதும்னு வாயைத் திறக்க மாட்டாங்க."

தன் இடத்துக்கு வந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும். பேனாவைத் திறந்தாள், மூடினாள். மறுபடியும் திறந்தாள். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

சாயங்காலம் பிரதியைக் கொண்டுபோய் நீட்டினாள். புரட்டப் புரட்ட முதலாளியின் முகம் சிவந்தது.

"என்னம்மா இது? ஒரு வரியிலகூடக் கை வைக்கலையே!"

"எழுதினவங்களுக்குச் சம்மதமில்லை, சார்."

"அது யாருன்னு எனக்கே தெரியாது. நீ எங்கே போய்க் கேட்டே?"

அவள் கதவைப் பார்த்தாள். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"எங்கேயும் போகலை, சார். அந்தத் தொண்ணூத்திரண்டு கிலோ நான்தான். எழுதினதும் நான்தான்."