பிரதாப் கேட்ட நியாயம்

"இது கள்ள மேப்பு சேர்! போட்டிய கேன்சல் பண்ணுங்க!"

தலவாக்கலை மண்டபத்தில் பிரதாப் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். சும்மா நாற்காலி இல்லை. கேம் விளையாடுவதற்கென்றே வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றி வந்த, சில்லு வைத்த நாற்காலி. அது உருண்டுவிடாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். நியாயம் கேட்கிற மனிதர் விழுந்துவிடக் கூடாதல்லவா?

மேசையோரம் நின்ற சுதர்ஷினிக்குக் கண் கலங்கியது. கம்ப்யூட்டர் கேமுக்குள் ஓடுகிற அந்த மேப்பை இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தவள் அவள்தான். தேயிலை மலை, பெக்டரி, தொழிலாளர் குடியிருக்கும் லயம், பாலம் எல்லாம் தாண்டி ஓடிப்போய், கோயில் மணியை யார் குறைந்த நேரத்தில் அடிக்கிறார்களோ அவருக்கு வெற்றி. இந்த முறை மஸ்கெலியா அழகன் அடித்துவிட்டான். இரண்டு வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்த பிரதாப் இரண்டாமிடம்.

மேப்பில் கள்ளம் என்று தீர்ப்பானால் அழகனுக்குக் கிடைத்த கொழும்புப் போட்டி வாய்ப்பு போய்விடும். சுதர்ஷினியை நம்பி இனி ஒருவரும் மேப் செய்யச் சொல்லமாட்டார்கள்.

"என்னா தம்பி கள்ளத்தைக் கண்டீங்க?" என்று கேட்டார் நடுவர் சிவசாமி சேர்.

"மேப்பு செஞ்ச தங்கச்சி எந்தத் தோட்டம்? அழகன் எந்தத் தோட்டம்? ரெண்டு பேரும் ஒரே தோட்டம் சேர்! பெக்டரிக்குப் பின்னாடி லயம், லயத்துக்கு மேல கோயிலு. அவன் தெனம் நடந்து போற பாதைய அப்படியே போட்டு வச்சிருக்காங்க!"

"எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தானே அண்ணே இருக்கு?" என்றாள் சுதர்ஷினி.

"பாத்தீங்களா சேர், வாயடிக்கிறாங்க!"

மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? ஞாயிறு தவறாமல் யூடியூபில் வந்து 'நேர்மையா விளையாடுவோம்' என்று ஒரு மணி நேரம் புத்தி சொல்கிறவர் ஆயிற்றே. போட்டி மேப்பை அன்று காலையில்தான் திறக்க வேண்டும், சோதித்துப் பார்க்கிற இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கைகூட அதை முன்கூட்டிப் பார்க்கக் கூடாது என்று சண்டை போட்டு விதி கொண்டுவந்ததும் இந்தப் புண்ணியவான்தான்.

சுதர்ஷினி நோட்டை நீட்டினாள். "சோதிச்சுப் பாக்குற நிரோஷனும் பிரியந்தியும் ஆளுக்கு முப்பதுன்னு அறுவது தடவ ஓடிப் பாத்திருக்காங்க சேர். ஆத்துப் பக்கம் போனாலும் மலை மேல போனாலும் ஒரே நேரந்தான் எடுக்கும். ஒரு பக்கம் லேசா இருந்தா, அத மாத்தி மாத்திச் செஞ்சேன்."

"நோட்டுல யாரு வேணாலும் எழுதலாம். வீடியோவ போடுங்க! அழகன் எந்தக் கள்ளப் பாதையில பூந்தான்னு எல்லாரும் பாக்கட்டும்!"

பெரிய மனிதர் கேட்டுவிட்டார். போட்டார்கள்.

அழகன் பாவம், தண்ணீர் ஓடும் கானில் விழுந்தான், எழுந்தான், பாலத்தைத் தவறவிட்டுத் திரும்பி வந்தான், ஒருவழியாக மணியை அடித்தான். கள்ளப் பாதை எதுவும் கண்ணில் படவில்லை.

அடுத்தது பிரதாப்பின் ஓட்டம். அடேயப்பா, என்ன வேகம்! ஒரு திருப்பத்திலும் நின்று யோசிக்கவில்லை. பாலத்தை ஒரே தாவலில் தாண்டினார். நேராகப் பெக்டரியின் பின்சுவருக்கு ஓடினார். மடார்! பின்னால் வந்து மறுபடி ஓடினார். மடார்! மூன்றாவது தடவையும் மடார்! பக்கத்திலேயே அகலமான வழி திறந்து கிடக்க, பன்னிரண்டு செக்கன் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினார்.

"பெக்டரியில வேலை கேட்டுப் போனீங்களாண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

மண்டபமே சிரித்தது. நாற்காலியைப் பிடித்திருந்த இரண்டு பேரும் கையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பிரதாப் தட்டுத்தடுமாறிக் கீழே இறங்கினார். முகம் சிவந்துவிட்டது.

"சிரிக்காதீங்க! அந்தச் செவுத்துல ஓட்டை இருந்துச்சு! குனிஞ்சு பூந்தா நேரா கோயிலுக்கே போயிரலாம். முந்தாநாளு வரைக்கும் இருந்த ஓட்டைய யாருக்கும் சொல்லாம அடைச்சுட்டாங்க சேர்! இதுதான் நியாயமா?"

சிரிப்பு அப்படியே நின்றது.

சுதர்ஷினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்றுக் காலையில் பிரியந்தி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னாள், இவள் உடனே அடைத்தாள். முப்பது தடவை ஓடிய நிரோஷன் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. இவள் திரும்பிப் பார்த்தபோது, அவன் குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

சிவசாமி சேர் நோட்டை மூடி அவளிடமே கொடுத்தார்.

"ரொம்ப அநியாயம் பண்ணிட்டீங்க தங்கச்சி. இன்னிக்குக் காலையில தெறந்த மேப்புக்குள்ள முந்தாநாளே போயிட்டு வந்த மனுசன். அவருகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டு அடைச்சிருக்கலாம்ல?"