கஜானா காலியான ஊர்

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகம் கேட்பதில்லை. செல்போன் விளையாட்டில் கட்டிய நகரத்தைத்தான் கேட்கிறார்கள். காபி குடித்ததும் அமுதினியும் நிலவனும் போன்களை மாற்றிக்கொண்டார்கள்.

நிலவனின் அம்மா எட்டிப் பார்த்தாள். "உன் கஜானாவுல ஒத்தக் காசு இல்லையேம்மா. எம்பையன் கோடிக்கணக்குல சேத்து வச்சிருக்கான்."

"குடிதண்ணிக்கும் சாக்கடைக்கும் செலவு பண்ணிட்டேன் ஆன்ட்டி. இவரு பூங்காவெல்லாம் வித்துச் சேத்திருக்காரு. ஊர்ல பாதி வீடு காலி."

அமுதினியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இந்த மாதிரிப் பேச்சால் ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன.

நிலவன் அமுதினி கட்டிய ஊரின் தெருக்களில் விரலை நகர்த்திக்கொண்டிருந்தான். எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிந்தது.

"அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் காசை இவங்களே பாத்துக்கட்டும்," என்றான்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே," என்ற அமுதினி, அவன் ஊரைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.