ராணிக்கோட்டைக்கு மேலே ஒரு நட்சத்திரம்

"இன்னைக்குமா? வெளிய பனி கொட்டுது. உங்க இருமலுக்கு இது தேவையா?" போர்வைக்குள்ளிருந்தே கத்தினாள் மனைவி கன்னியம்மாள்.

விடியற்காலை நாலரை மணி. ஏகாம்பரம் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மகளின் பழைய போனோடு மொட்டைமாடி ஏறினார். செங்கல்லில் போனைச் சாய்த்து, எதிரே ராணிக்கோட்டை மலைக்கு மேலே தெரிந்த வானத்தைப் படமெடுத்தார்.

மார்கழி முழுக்க இதே கூத்துதான். பல நாள் பனி மறைத்தது. புத்தாண்டு அன்று ஊரே கொளுத்திய வாணவேடிக்கையின் புகை மறைத்தது.

வெறுங்கையோடு இறங்கி வந்தவரிடம் கன்னியம்மாள் கேட்டாள்: "ஆயிரம் நட்சத்திரம் இருக்குது. வேற ஒண்ண எடுத்தா ஆகாதா?"

"ஆகாது. எனக்கு அந்த ஒண்ணுதான் வேணும்."

"ஏதாச்சும் போட்டியா?"

"கார்த்திகையில ஒரு கல்யாணப் பொண்ணு கேள்வி கேட்டுட்டா. பதில் சொல்ல முடியல."

இருபத்தேழாம் நாள் வானம் பளிச்சென்று இருந்தது. நட்சத்திரம் படத்தில் பதிந்தது.

தை பிறந்து முதல் முகூர்த்தம். அனந்தபுரத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் புரோகிதர் ஏகாம்பரம் மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்து, பத்து மணி வெயிலில் வானத்தைக் காட்டினார்.

"அருந்ததி தெரியுதா?"

"தெரியுது சாமி," என்றான் மாப்பிள்ளை, கண்கூச.

"எனக்குத் தெரியல சாமி," என்றாள் பெண்.

ஏகாம்பரம் மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

பெண்ணின் முகம் மலர்ந்தது. "எல்லாக் கல்யாணத்துலயும் இப்படிக் காட்டுவீங்களா?"

"முப்பது வருஷமா அருந்ததி காட்டிக்கிட்டுதாம்மா இருக்கேன். நானே போன வாரந்தான் பார்த்தேன்."