இடிக்க வந்தவர்

ஜேசிபியோட இரும்புக் கை வாசலுக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்குது. அதுக்கு நேர் கீழ பிளாஸ்டிக் சேரைப் போட்டு பானுமதி உக்காந்துட்டாங்க. தலை வாரல, ஒரு வாய் டீ கூட குடிக்கல. கண்ணு ரெண்டும் மிளகாப்பழமா சிவந்து கிடக்குது.

"முதல்ல என்னை அள்ளி மண்ணுல போடுங்கடா. அப்புறமா வூட்டு மேல கை வைக்கலாம்."

டிரைவர் இன்ஜினை நிறுத்திட்டு, பக்கத்துல நின்ன வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தான். மெஷினைக் கூட்டியாந்தது அவருதான். அறுபதைத் தாண்டின ஆளு. எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி நின்னாரு.

பானுமதி பேசினது கொஞ்சநஞ்சமா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா, சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறீங்களா, வாழுற குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தினா வெளங்குவீங்களான்னு கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. கேக்க மாட்டாங்களா பின்ன? வயித்தெரிச்சல் சும்மாவா வருது?

தெரு சனத்தை நெனைச்சாத்தான் இன்னும் பத்திக்கிட்டு வருது. எதிர்த்தாப்புல வரிசை கட்டி நின்னு வேடிக்கை பாக்குதுங்களே ஒழிய, ஒருத்தராவது அந்தம்மா பக்கத்துல வந்து நிக்கல. விசேஷம்னா முதல் பந்தியில உக்காரத் தெரியுது, இதுக்கு வாயைத் திறக்கத் தெரியல.

அப்பத்தான் ஜெயஸ்ரீ ஸ்கூட்டியில வந்து இறங்கினா. பழைய தெருக்களைச் சீர் பண்ற திட்டத்துக்காக சென்னையிலேருந்து வந்திருக்கிற இன்ஜினியர் பொண்ணு, விருத்தாசலத்துக்குப் புதுசு. காலையில பானுமதி போன்ல அழுத அழுகையைக் கேட்டுட்டு, சாப்பிடக் கூட செய்யாம ஓடியாந்திருக்கா.

கோயில் கோபுரத்துல ஆரம்பிச்சு, பழைய வூடுங்களை ஒட்டியே மணிமுத்தாத்துக்கு இறங்கி, அங்கேருந்து செராமிக் சூளைங்க வரைக்கும் சனங்க நடந்தே பாத்துக்கிட்டுப் போவ ஒரு வழி போடுறாங்க. பானுமதி இருக்கிற வூடு, அந்த வழி ஆத்துப் பக்கம் திரும்புற முனையில இருக்குது. இந்த வூடு போனா வழி பாதியில அறுந்துடும்.

ஜெயஸ்ரீக்கு வந்ததே கோவம். நேரா வெள்ளைச் சட்டைக்காரர் கிட்டப் போயி, எதை இடிக்க வந்திருக்கீங்கன்னாவது தெரியுமா, உள்ள வந்து கண்ணால பாருங்கன்னு கூப்பிட்டா.

முன்னாடி போனவ நெத்தி, நிலை மேல 'ணங்'குன்னு இடிச்சுக்கிச்சு. பழைய காலத்து வாசப்படி, குட்டை. பின்னாடி வந்த டிரைவரும் இடிச்சிக்கிட்டு, வாய்க்குள்ளயே திட்டினான். வெள்ளைச் சட்டைக்காரர் செருப்பை ஓரமா விட்டுட்டு, எங்கயோ பாத்தபடியே தலையைக் குனிஞ்சு உள்ள போனாரு. பானுமதியும் சேரை விட்டு எழுந்து பின்னாலயே வந்தாங்க.

உள்ள வானம் பாத்த முத்தம், தேக்குத் தூணு, சுவரு முழுக்க பூப்போட்ட பீங்கான் கல்லு. விரிசலுக்குச் சுண்ணாம்பு பூசி, கூரை ஓடுங்களை மாத்தினா இன்னும் ரெண்டு தலைமுறைக்கு அசையாது, இருக்கிறதை இடிச்சிட்டு சிமெண்டைக் கொட்டறதுக்குப் பேரு முன்னேற்றமான்னு ஜெயஸ்ரீ பொரிஞ்சு தள்ளினா.

"நல்ல வூடுதாம்மா," ன்னாரு அவரு.

அவ்வளவுதான், பானுமதிக்கு வெறி புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. "நல்ல வூடுன்னு தெரிஞ்சே இடிக்க வரீங்களே, நீங்கள்லாம் ஒரு மனுசனா? இந்தக் கூடத்துலதான் என் பொண்ணுக்குக் காது குத்தினேன். அவளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினதும் இங்கதான். என் உசுரு இருக்கிற வரைக்கும் இந்த வூட்டை விட்டு நகர மாட்டேன்."

ஜெயஸ்ரீக்குக் கண்ணு கலங்கிடுச்சு. போனைக் காதுல வெச்சுக்கிட்டு வெளிய போனா. யார் யார் கிட்டயோ சண்டை போட்டா, ஒருத்தர் கிட்டக் கெஞ்சினா. திரும்பி வரும்போது மறுபடியும் நெத்தியை இடிச்சிக்கிட்டா, ஆனா மூஞ்சியில சிரிப்பு.

முனிசிபாலிட்டியில இடிக்கக் குடுத்த அனுமதியை நிறுத்தி வெச்சாச்சுன்னு சொன்னா. பானுமதி அவ கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

ஜெயஸ்ரீ வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் திரும்பினா. "இனிமே இந்த வூட்டை யாரும் தொட முடியாது. இதுல குடியிருக்கிறவங்களையும் கிளப்ப முடியாது. சனங்க வாழ்ந்தாத்தான் தெருவுக்கு உசுரு, எங்க திட்டமே அதான். போய் உங்க ஓனர் கிட்டச் சொல்லிடுங்க."

வாசல்ல எட்டிப் பாத்துக்கிட்டிருந்த தெரு சனத்துல யாரோ 'த்சொ'ன்னாங்க. அவரு தூணு மேல கையை வெச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணையே வெறிச்சுப் பாத்தாரு. 

"நான்தாம்மா ஓனரு. எங்கப்பா கட்டின வூடு இது. பொண்ணு படிப்பு முடியட்டும், கல்யாணம் ஆவட்டும்னு சொல்லிச் சொல்லியே, வாடகைக்கு வந்தவங்க எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்க. நான் திட்டக்குடியில ஒண்டுக்குடித்தனத்துல கிடக்கிறேன். கேஸு போட்டா என் காலத்துல முடியாதுன்னுட்டாங்க."

பானுமதி மறுபடியும் வாசல்ல கிடந்த சேர்ல போய் உக்காந்துட்டாங்க.

"இடிச்சாலாவது காலி பண்ணுவாங்கன்னு பாத்தேன்."