தாய்வீட்டுச் சீர்

ராகுகாலம் கழிந்த கையோடு கோமளாவுக்கு வளையல் அடுக்கத் தொடங்கினார்கள். வாசலில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் தட்டிலிருந்த வளையல்கள் கிணுகிணுத்தன.

லாரி ஓடும் தெருவில் அந்தப் புகையைச் சுவாசிக்கும் ஒவ்வொருவருக்காகவும் லாரிகளை விடும் குடோன் கம்பெனி மாநகராட்சிக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும். கைக்குழந்தைக்குத்தான் கட்டணம் அதிகம். அதனால் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குக் கம்பெனியே சீர்த்தட்டோடு வந்துவிடும். இன்றைக்குக் கம்பெனி அதிகாரி பரந்தாமன் வந்திருந்தார். தட்டில் பழம், பட்டுப்புடவை, ஊருக்கு வெளியே ஒரு வீட்டின் சாவி.

"வளைகாப்பு முடிஞ்சா தாய்வீட்டுக்குப் போறது வழக்கம்தானேம்மா. உனக்கு அம்மா இல்ல. கம்பெனியைத் தாய்வீடா நெனச்சுக்கோ."

"அப்போ நீங்கதான் தாய்மாமனா? காதுகுத்துக்கு மடியில உக்கார வச்சுக்குவீங்களா?" என்றாள் நாத்தனார் விசாலி.

பெண்கள் சிரித்தார்கள். பரந்தாமனும் சிரித்தார். அவருடைய குடோனில் மூட்டை ஏற்றும் கோமளாவின் கணவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

வளையல் போட வந்தவர்களில் ஒருத்தி இடுப்பிலும் குழந்தை இல்லை. கோமளா எதிர்வீட்டைப் பார்த்தாள். போன வருஷம் தை மாதம் இதே மாதிரி சாவி வாங்கிப் போன சுகந்தியின் வீடு அது. கொடியில் அவள் புருஷனின் சட்டைகள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன.

கோமளா சாவியைத் தொடவில்லை.

"மூணாம் மாசம் பிள்ளையோட புருஷன் வீட்டுக்குத் திரும்பி வர்றதும் வழக்கம்தாண்ணே. இந்தத் தெருவுக்கு இதுவரைக்கும் யாரைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க?"