நேற்றைப் போலவே

அப்பாவின் சாமான்களைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட பிறகும் சலவைக் கடைக்காரிக்கு முதியோர் விடுதியை விட்டு எழுந்துபோக மனம் வரவில்லை.

கடைசி நாட்களில் அவர் எப்படி இருந்தார் என்று யாராவது நாலு வார்த்தை சொன்னால் தேவலை என்றிருந்தது.

நர்ஸ் அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஏழாம் நம்பர் கட்டிலின் நோட்டு. நாளுக்கு ஒரு பக்கம்.

கடைசிப் பக்கத்தில், "நேற்றைப் போலவே. இரவு ஒன்பது மணிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றது" என்று இருந்தது.

அதற்கு முந்தின பக்கத்தில் வெறும் "நேற்றைப் போலவே." அதற்கும் முந்தின பக்கத்தில் அதேதான்.

"மாத்தம் இருந்தாத்தான் எழுதுவோம்க்கா. முப்பது கட்டிலுக்கு ரெண்டே பேரு. தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் ஏன் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறாள்? மூன்று மாதமாக அவள் வயிற்றில் பால் வார்த்ததே அந்த வார்த்தைதான். தினமும் கடையைச் சாத்திவிட்டு போன் போடுவாள். நேற்று மாதிரியேதான் இருக்கிறார் என்பாள் நர்ஸ். சாப்பிட்டார், தூங்கினார், காய்ச்சல் இல்லை என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படுப்பாள்.

அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வதில்லை. மறதி முற்றிய மனிதர், குரலைக் கேட்டால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிடுகிறார் என்று பயம்.

பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனாள். கையெழுத்து மாறியது, பேனா மாறியது, வாசகம் மாறவில்லை. இன்று எழுதியவர் நேற்றின் தலையில் பாரத்தைப் போட்டிருந்தார், நேற்று எழுதியவர் முந்தாநாளின் தலையில். எங்கேயாவது ஒரு புண்ணியவான் உட்கார்ந்து எழுதியிருக்கத்தானே வேண்டும்?

எழுதியிருந்தார். நோட்டின் நடுவில், முத்து முத்தான எழுத்தில் ஒரு பக்கம்.

"விடியும் முன்பே எழுந்து குளித்தார். நல்ல சட்டையாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மகள் இன்று வருவதாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே வர மறுத்ததால் பெஞ்சிலேயே கொடுக்கப்பட்டது. இருட்டிய பின் சமாதானம் சொல்லி உள்ளே அழைத்து வந்தோம்."

தேதியைப் பார்த்தாள். அவரோடு அவள் கடைசியாகப் பேசியது அதற்கு முந்தின நாள்.

கடையில் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட நாள் அது. துணி மலையாகக் குவிந்து கிடந்தது. போனில் அப்பா அழுகையை நிறுத்துகிற வழியாகக் காணோம்.

"நாளைக்கு வந்துடறேன்ப்பா, அழாதீங்க."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். விடிந்தால் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது என்று நினைத்தாள். பெற்ற மகளின் பெயரையே தேடுகிறவர்.

நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் அதைத் தொடவில்லை.

நோட்டை அந்தத் தேதியிலிருந்து முன்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தாள். ஒரு பக்கத்தையும் விடவில்லை.

ஒவ்வொரு பக்கத்திலும் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.